ரூபாய் வட்டம் கடந்த வரலாறு

ஆண்டு விழா மலர் என்றால் குறள் நயமும், கம்பன் கவிச்சுவையும், நம் குழந்தைகளின் கோலாட்டப் படங்களும் நிறைந்திருப்பதே மரபு. அவற்றின் நடுவே பணத்தைப் பற்றி ஒரு கட்டுரை புகுவது, கல்யாணப் பந்தியில் கடன்காரன் வந்து அமர்ந்தது போல் அன்பர் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும், பிறந்த ஊரைவிட்டுப் பல நூறு மைல் கடந்து வந்து புவனேஸ்வரில் குடியேறிய நம் போன்றோர்க்குப் பணம் என்பது கையில் இருப்பது மட்டுமன்று. ஊருக்குப் போய்ச் சேர வேண்டியதும் ஆகும். தஞ்சையிலோ நெல்லையிலோ காத்திருக்கும் பெற்றோர்க்கு ஒரு பங்கு சென்று சேர்ந்த பின்னரே நம் இல்லங்கள் பலவற்றில் மாதச் செலவு தொடங்குகிறது. எனவே, ரூபாய் ஊர்விட்டு ஊர் சென்ற வரலாறு நமக்கு அயலான பொருளன்று.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி ரிசர்வ் வங்கி 'டிஜிட்டல் ரூபாய்' என்னும் புதுப் பணத்தைப் பொதுமக்களிடையே சோதனையாக விடத் தொடங்கிற்று. அதற்கெனத் தெரிந்தெடுத்த நகரங்கள் நான்கு. மும்பை, புதுதில்லி, பெங்களூரு ஆகிய மூன்றும் யாவரும் எதிர்பார்த்தவையே. நான்காவது, நாம் வாழும் இப்புவனேஸ்வர். இவ்வூருக்குக் கிடைத்த பெருமை எனச் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் காலனியில் பெரும்பாலோர் கேட்ட கேள்வி ஒன்றே: "கைப்பேசியில்தான் ஏற்கெனவே பணம் போகிறதே, இது என்ன புதிது?"

கேள்வி நியாயமானது. நாம் பொருளாதார நூல் கற்றவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே கணக்கேடுகளில் காலம் கழிப்பவர். எனினும், ஒரு சர்க்கார் புதுவகைப் பணத்தை மக்கள் கையில் கொடுத்து 'இதையும் ரூபாய் என்று நம்புங்கள்' எனக் கேட்பது இந்நாட்டில் முதல்முறை அன்று என்பதை வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்ட முடியும். முன்னர் நிகழ்ந்ததை அறிந்தால் இன்று நிகழ்வதன் உட்பொருள் விளங்கும்.

வெகு முன்னே, 1329-ஆம் ஆண்டு வாக்கில், தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் செம்பாலும் பித்தளையாலும் ஆன அடையாளக் காசுகளை வெளியிட்டு, அவை வெள்ளித் தங்காவுக்கு ஈடாகச் செல்லும் என ஆணையிட்டான். கருத்து பிழையன்று, காவல்தான் இல்லை. கள்ளக் காசுகள் பெருகின. சில ஆண்டுகளில் சுல்தானே அவற்றைத் திரும்பப் பெற்றுக் கஜானாவிலிருந்து நல்ல பணம் கொடுக்க நேர்ந்தது. இக்கதை பள்ளிப் புத்தகத்தில் படித்ததே ஆகையால் இவ்வளவோடு விட்டு, நம் நோட்டின் கதைக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் முதலில் நோட்டு அச்சிட்டவை வங்கிகளே. 1806-ல் கல்கத்தா வங்கியாகத் தோன்றி 1809-ல் பெயர் மாறிய வங்காள வங்கி, 1840-ல் எழுந்த பம்பாய் வங்கி, 1843-ல் எழுந்த சென்னை வங்கி ஆகிய மூன்றும் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. அவற்றுள் எதுவும் நாடு முழுதும் செல்லும் நோட்டு அன்று. கிராமத்தார்க்குப் பணம் என்றால் வெள்ளி ரூபாயே. தட்டினால் ஒலிக்க வேண்டும், பல்லில் கடித்தால் தெரிய வேண்டும். பெரு வணிகர்க்கு உண்டி இருந்தது. நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துக் கடல் கடந்தும் பணத்தைச் செலுத்திய திறம் பலரும் அறிந்ததே. ஆனால் உண்டி, ஆளை அறிந்த ஆளுக்கே செல்லும். யார் கையிலும் எவர் வேண்டுமானாலும் கொடுக்கத்தக்க சீட்டு இந்நாட்டில் அதுவரை வேர் கொள்ளவில்லை.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியின் செலவால் சர்க்கார் கஜானா வற்றிற்று. அதைச் சீர்செய்ய முதல் நிதி மெம்பராக இலண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்ஸன் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்து, தொப்பி செய்து விற்கும் தொழிலில் ஈடுபட்டு, தம் முயற்சியாலேயே பொருளியல் கற்று, 1843-ல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையை நிறுவியவர். 1860-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நாட்டுக்கு வருமான வரியைக் கொண்டு வந்தவர் இவரே. மாதச் சம்பளக்காரராகிய நாம் அவரை நினைவுகூர அதுவே போதும்! அவ்வரியைச் சென்னைக் கவர்னர் டிரெவெலியன் வெளிப்படையாக எதிர்த்துத் தம் பதவியையே இழந்தார் என்பது ஒரு கிளைக்கதை.

அதே ஆண்டு மார்ச்சில் வில்ஸன், நாடெங்கும் சர்க்காரே நோட்டு வெளியிட வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதி கண்டு மாண்டார். திட்டம் பிறர் கையில் பல மாற்றங்களுக்கு உட்பட்டு 1861-ஆம் ஆண்டுக் காகிதச் செலாவணிச் சட்டமாகி, 1862 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வங்கிகள் நோட்டடிக்கும் உரிமை அற்றுப்போயிற்று. 10, 20, 50, 100, 500, 1000 ரூபாய்களில் நோட்டுகள் வந்தன. 4 கோடி ரூபாய் வரையில் சர்க்கார் கடன் பத்திரங்களை ஈடாக வைக்கலாம். அதற்கு மேல் வெளியிடும் ஒவ்வொரு ரூபாய் நோட்டுக்கும் ஈடாக வெள்ளியோ நாணயமோ கிடங்கில் இருந்தாக வேண்டும் என்பது சட்டத்தின் கட்டு. துக்ளக் செய்யத் தவறியதை இச்சட்டம் செய்தது எனலாம்.

ஆனால் இச்சட்டத்தில் இன்னொரு கட்டும் இருந்தது. நம் கட்டுரையின் பொருளே அதுதான். நாட்டைப் பல 'வட்டங்களாக' வகுத்தனர். கல்கத்தா, பம்பாய், சென்னை எனத் தொடங்கி, பிற்காலத்தில் ரங்கூன், கான்பூர், லாகூர், கராச்சி ஆகியவற்றையும் சேர்த்து ஏழு வட்டங்கள் நிலைத்தன. ஒவ்வொரு நோட்டிலும் அது வெளியான நகரத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. அந்நோட்டு அந்த வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். வெள்ளியாக மாற்றுவதும் அவ்வட்டத்திலேயே.

இதை நாம் இருக்கும் இடத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நமக்குத் தெற்கே உள்ள கஞ்சாம் ஜில்லா அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. 1936-ல் ஒரிஸ்ஸா தனி மாகாணமானபோதே அது பிரிந்து வந்தது. நமக்கு வடக்கே மகாநதிக் கரையிலுள்ள கட்டாக்கோ வங்காளத்தின் ஆட்சியில் இருந்தது. ஆகவே பெர்ஹாம்பூரில் நூறு ரூபாயாக இருந்த சென்னை நோட்டு, நூறு மைல் சொச்சம் கடந்து கட்டாக்கை அடைந்தால் அதை ஏற்றாக வேண்டும் என்று எந்தக் கடைக்காரரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. காசுக்கடைக்காரர் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டே மாற்றித் தருவார். அவ்வாறு கழிக்கும் தொகைக்கும் தமிழில் 'வட்டம்' என்றே பெயர் என்பது நம் மொழியின் ஒரு குறும்பு போலும். வட்டம் தாண்டிய நோட்டுக்கு வட்டம் கொடுத்தாக வேண்டும்!

சர்க்கார் ஏன் இப்படிச் செய்தது? மடமையால் அன்று, அச்சத்தால். பருத்தி, அரிசி அறுவடைக் காலங்களில் வியாபாரிகள் பணத்தை ஒரே திசையில் கொண்டு செல்வர். நாடெங்குமுள்ள நோட்டுகள் ஓரிடத்தில் குவிந்து, 'வெள்ளி கொடு' என ஒரே நாளில் கேட்டால் அவ்விடத்துக் கிடங்கில் அவ்வளவு வெள்ளி இராது. எல்லா ஊரிலும் எல்லா நோட்டுக்கும் வெள்ளி அடுக்கி வைக்கவும் இயலாது. வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் வாக்கின் எல்லையைக் குறுக்க வேண்டும் என அவர்கள் கருதினர். இக்கணக்கைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அதன் பலன், நோட்டு மக்களிடம் பரவாமல் நின்றதே.

அந்த நாளில் நோட்டை ஊருக்கு அனுப்பியோர் கையாண்ட முறையைக் கேட்டால் இன்று சிரிப்பு வரும். நோட்டை நடுவே இரண்டாகக் கத்தரிப்பர். ஒரு பாதியைத் தபாலில் அனுப்புவர். 'வந்து சேர்ந்தது' என்று கடிதம் கிடைத்த பின்னர் மறுபாதியை அனுப்புவர். வழியில் திருடினாலும் பாதி நோட்டால் திருடனுக்குப் பயனில்லை அல்லவா? முதன்முதலில் வந்த நோட்டுகள் விக்டோரியா ராணியின் உருவம் பொறித்து, ஒரு பக்கம் மட்டுமே அச்சிடப்பட்டவை. கள்ள நோட்டுகள் மிகவே 1867-ல் அவ்வரிசையைக் கைவிட்டு வேறு அச்சுக்கு மாறினர். பணம் அனுப்ப எளியோர்க்கு நல்ல வழி பிறந்தது, 1880-ல் தபாலிலாகா மணியார்டரை ஏற்ற பிறகே.

இங்கு ரயில்வேக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறோம். பயணி என்பவன் வட்டத்துக்குள் அடங்காதவன். சென்னையில் ஏறியவன் பம்பாயில் இறங்குவான். அவன் மடியிலுள்ள நோட்டு எவ்வட்டத்தது என்று புக்கிங் ஜன்னலில் ஆராய்ந்துகொண்டிருந்தால் வண்டி புறப்பட்டுவிடும். ஆகவே ரயில்வே, கப்பல் கம்பெனிகள் பயணக் கட்டணமாகவும் சரக்குக் கூலியாகவும் பெற்ற வேற்று வட்ட நோட்டுகளைச் சர்க்கார் மாற்றிக் கொடுத்து வந்தது. சர்க்காருக்குச் செலுத்தும் வரிப்பணமாகவும் எவ்வட்ட நோட்டும் ஏற்கப்பட்டது. பெஜவாடாவிலிருந்து கட்டாக் வரையிலான கிழக்குக் கரை இருப்புப்பாதை 1893 முதல் 1896 வரை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டபோது, சென்னை வட்டமும் கல்கத்தா வட்டமும் ஒரே தண்டவாளத்தின் இரு முனைகளாயின. மனிதனும் மூட்டையும் ஒரே நாளில் எல்லையைக் கடக்க, நோட்டு மட்டும் எல்லையில் நிற்பது எத்தனை நாள் செல்லும்?

நெடுநாள் சென்றது. 1871-ல் வந்த ஐந்து ரூபாய் நோட்டு 1903-ல் பர்மா நீங்கலாக நாடெங்கும் செல்லத்தக்கதாயிற்று. 1909-ல் பர்மாவும் சேர்ந்தது. ரங்கூனுக்குக் கூலியாகச் சென்றிருந்த நம்மவர் எத்தனையோ பேர்க்கு இது நேரே பயன்பட்ட செய்தி. 1910-ல் பத்தும் ஐம்பதும், 1911-ல் நூறும் வட்டம் கடந்தன. சட்டம் பிறந்து ஐம்பது ஆண்டு கழிந்த பின்னரே 'இந்திய ரூபாய் நோட்டு' என்று சொல்லத்தக்க பொருள் ஒன்று உண்மையில் உருவாயிற்று. எந்த ஆணையாலும் வராத செல்வாக்கு, வட்டத்தை நீக்கியதும் நோட்டுக்கு வரத் தொடங்கிற்று.

அச்செல்வாக்குக்கு விரைவிலேயே ஒரு கடும் சோதனை. முதல் உலகப் போரில் வெள்ளி கிட்டாமல் போகவே, 1917 நவம்பர் 30-ல் ஒரு ரூபாய்க்கும் நோட்டு வந்தது. 1918-ன் முற்பகுதியில் போர்ச் செய்திகள் கவலை தர, நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்போர் கூட்டம் பெருகிற்று. கிடங்குகளில் வெள்ளி அபாய அளவுக்குக் குறைந்தது. அமெரிக்கா அவ்வாண்டு ஏப்ரலில் 'பிட்மன் சட்டம்' இயற்றித் தன் வெள்ளி டாலர்களை உருக்கி, 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்கு விற்றது. கப்பலில் வெள்ளி வருகிறது என்ற செய்தியே பாதிக் கூட்டத்தைக் கலைத்திருக்கும் என்பது நம் ஊகம். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவன் கேட்க வருவதில்லை.

பின் வரலாறு விரைவாகச் சொல்லத்தக்கது. 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தோன்றி நோட்டுப் பொறுப்பை ஏற்றது. 1938 ஜனவரியில் அதன் முதல் ஐந்து ரூபாய் நோட்டு வெளியாயிற்று. 1949 ஜனவரி 1-ல் வங்கி தேசியமயமாயிற்று. வெள்ளிக்கு மாற்றும் வழக்கம் மறைந்தது. 'இத்தொகையைக் கொடுப்பேன்' என்று கவர்னர் எழுதித்தரும் வாக்கு மட்டும் நோட்டில் நிலைத்தது. நோட்டின் பின்புறம் ஒரு சிறு கட்டத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுதப்பட்டிருப்பதைக் காண்க. ஒடியாவுக்கு மூன்று வரி கீழே தமிழ் இருக்கிறது. முற்காலத்தில் வட்டத்துக்கு வட்டம் நோட்டின் மொழிகள் மாறின. இன்று ஒரே நோட்டில் எல்லாரும் குடியிருக்கிறோம்.

இனி, மின் ரூபாய்க்கு வருவோம். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்த பின் கைப்பேசியால் பணம் செலுத்துவது காய்கறிக் கூடைக்காரி வரையில் பரவிவிட்டது. ஆனால் அங்கே நடப்பது என்ன? நம் கணக்கு ஒரு வங்கியில். கடைக்காரர் கணக்கு வேறொரு வங்கியில். 'இவர் கணக்கில் கழித்து அவர் கணக்கில் சேர்' என்ற கட்டளையே போகிறது. வங்கிகள் பின்னர்த் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. வங்கியில் நம் பெயரில் இருக்கும் தொகை, அவ்வங்கி நமக்குப் பட்ட கடன். வங்கி நொடித்தால் காப்பீடாகக் கிடைப்பது 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை. மின் ரூபாய் அப்படியன்று. நோட்டைப் போலவே அது ரிசர்வ் வங்கி நேரே நமக்குத் தரும் வாக்கு. வங்கியிலிருந்து நோட்டு எடுப்பது போல் அதை எடுத்துக் கைப்பேசியிலுள்ள பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர்க்குக் கொடுத்தால், கொடுத்த அக்கணமே அது அவருடையது. யு.பி.ஐ. கணக்கு மாற்றம், மின் ரூபாய் கைமாற்றம். காலனி அன்பர்கள் கேட்ட கேள்விக்கு நாம் அறிந்த விடை இதுவே.

இதை வகுத்த முறையும் அறியத்தக்கது. 2022 பிப்ரவரி 1-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வரவு செலவுத் திட்டத்தில் இதை அறிவித்தார். அவ்வாண்டு நிதிச் சட்டம், ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 'நோட்டு' என்ற சொல்லின் பொருளைத் திருத்தி, மின் வடிவில் இருப்பதும் நோட்டே என்று ஆக்கிற்று. அக்டோபர் 7-ல் ரிசர்வ் வங்கி ஒரு கருத்துரையை வெளியிட்டுத் தன் முடிவுகளுக்குக் காரணம் காட்டிற்று. மக்களுக்கு நேரே தானே விநியோகிக்காமல், தான் உண்டாக்கி வங்கிகள் வழியாகக் கொடுப்பது, நோட்டும் நாணயமும் உள்ள அதே தொகைகளில் வெளியிடுவது, வட்டி தராதது. வட்டி தந்தால் எல்லாரும் வங்கியிலுள்ள சேமிப்பை எடுத்து இதில் வைப்பர். வங்கிகளிடம் கடன் கொடுக்கப் பணம் இராது. நவம்பர் 1-ல் ஒன்பது வங்கிகளோடு சர்க்கார் கடன் பத்திர வியாபாரத்துக்கும், டிசம்பர் 1-ல் முதலில் நான்கு வங்கிகளோடு பொதுமக்களுக்கும் சோதனை தொடங்கிற்று. 1861-ல் போலவே, முதல் வட்டம் சிறியது. குறித்த சில வாடிக்கையாளரும் வணிகருமே அதில் இருந்தனர்.

பிற நாடுகளின் கதை எச்சரிக்கை தருவது. 2020 அக்டோபரில் பகாமாஸ் தீவுகள் 'மணல் டாலர்' என்ற பெயரில் மின் பணத்தை வெளியிட்டன. மறு ஆண்டு அக்டோபரில் நைஜீரியா தன் 'இ-நைரா'வை வெளியிட்டது. அங்கே பதிந்துகொண்ட பணப்பைகளில் 98.5 சதவீதம் ஒரு வாரத்தில் ஒருமுறை கூடப் பயன்படவில்லை என்று 2023-ல் பன்னாட்டு நிதியத்தின் ஆய்வொன்று கூறிற்று. நம் நாட்டிலும் 2023 டிசம்பர் 27-ல் ஒரே நாளில் பத்து லட்சம் பரிமாற்றங்கள் நடந்தன என்று கொண்டாடினர். வங்கிகள் சில தம் ஊழியர்க்குரிய படிகளை மின் ரூபாயாகவே கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். பின்னர் எண்ணிக்கை இறங்கிவிட்டது. புழக்கத்திலுள்ள மின் ரூபாய் 2024 மார்ச் முடிவில் 234 கோடி. 2025 மார்ச் முடிவில் 1,016 கோடி. வளர்ச்சி உண்டு. ஆயினும் அதே நாளில் காகித நோட்டு 36 லட்சம் கோடிக்கும் மேல் இருந்தது என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இத்தயக்கம்? யு.பி.ஐ. இருக்க வேறொன்று வேண்டா என்பது ஒரு காரணம். மற்றொன்றை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, காலனியில் எத்தனை கடுகு டப்பாக்களும் பருப்புத் தூக்குகளும் கணவன்மார் முன்னிலையில் கவிழ்க்கப்பட்டன என்பதை நாம் மறக்கவில்லை. பத்தும் இருபதுமாகப் பல ஆண்டு சேர்த்த பணம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஒருவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத சிறு சுதந்தரம் அவ்வளவே. காகித நோட்டுக்கு நினைவு கிடையாது. யார் கையிலிருந்து வந்தது, யாரிடம் போகிறது என்பதை அது சொல்லாது. மின் ரூபாயில் சிறு தொகைகளுக்கு அம்மறைவு காக்கப்படும், பெருந்தொகைகளுக்கு மட்டும் தடம் தெரியும் என்று ரிசர்வ் வங்கியின் கருத்துரை கூறுகிறது. அது சட்டத்தால் உறுதிப்படும் அளவுக்கே மக்கள் நம்புவர் என்பது நம் கருத்து.

இவற்றினும் ஆழமான ஒன்று உண்டு. 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, மின் ரூபாயில் இரண்டு புதுமைகளைச் சோதிக்கப் போவதாக அறிவித்தது. ஒன்று, சிக்னல் இல்லாத இடத்திலும் கைமாற்றுவது. இதை எவரும் வரவேற்பர். மற்றொன்று, பணத்திலேயே நிபந்தனை எழுதி வைப்பது. இன்ன பொருளுக்கு மட்டும், இன்ன இடத்தில் மட்டும், இன்ன தேதிக்குள் மட்டும் செல்லும் என்று கொடுப்பவர் வகுத்துவிடலாம். அவ்வெல்லைக்கு வெளியே அந்த ரூபாய் ரூபாய் ஆகாது. படித்ததும் நமக்கு 1861-ஆம் ஆண்டு நோட்டில் பொறித்த நகரப் பெயர்தான் நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டு பாடுபட்டு அழித்த வட்டத்தை மறுபடி வரையும் கருவி இது. அன்று தேசப்படத்தில் வரைந்தனர். இன்று ஒவ்வொரு ரூபாயைச் சுற்றியும் தனித்தனியே வரையலாம்.

அப்படியானால் இது தீயது என்று முடித்துவிடலாமா? முடியவில்லை. இதைச் சோதித்த இடங்களுள் நம் ஒடிசா மாநிலக் கிராமங்களும் உண்டு. நிலப் பத்திரம் இல்லாத குத்தகை உழவர்க்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். ஈடு காட்ட அவர்களிடம் எதுவும் இராது. விதைக்கும் உரத்துக்கும் மட்டுமே செல்லும் மின் ரூபாயாகக் கொடுத்தால் கடன் வேறு வழியில் போகாது என்ற உறுதியில், ஸ்டேட் வங்கி ஒடிசாவிலும் ஆந்திரத்திலும் தெரிந்தெடுத்த கிராமங்களில் அத்தகைய கடனைச் சோதனையாக வழங்கத் தொடங்கிற்று. இதனை 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கிக் கவர்னராக இருந்த சக்திகாந்த தாஸ் பெங்களூரில் எடுத்துரைத்தார். வட்டிக்கடைக்காரரிடம் போக வேண்டியவனுக்கு வங்கிக் கதவு திறந்தது அந்த வட்டத்தால்தான். ஆனால் அதே உழவனின் குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் வந்தால், பணப்பையில் இருக்கும் ரூபாயால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரையும் வாங்க இயலாது. கடுகு டப்பாவிலுள்ள கசங்கிய நோட்டுக்கு அத்தடை இல்லை.

கடன் கொடுப்பவர் தம் கடனுக்கு நிபந்தனை இடுவது உலக வழக்கு; ரயில்வேயிலும் வீடு கட்ட வாங்கிய முன்பணத்தில் கல்யாணம் செய்ய விடுவதில்லை. ஆனால் கூலியும், பென்ஷனும், மகன் தாய்க்கு அனுப்பும் மாதப் பணமும் கடன் அல்ல, உழைத்தவருடைய சொத்து. நிபந்தனை எழுதும் அதிகாரம் எந்தப் பணத்துக்கு உண்டு, எதற்கு இல்லை. எழுதுபவர் யார், அதை நீக்கக் கேட்பதற்கு எந்த ஜன்னலுக்குப் போவது என்பனவற்றைச் சட்டத்தில் தெளிவாக எழுதிய பின்னரே இது சோதனையைத் தாண்டிப் பரவ வேண்டும் என்பது நம் விண்ணப்பம். வில்ஸன் காலத்துச் சட்டம், எத்தனை ரூபாய்க்கு எவ்வளவு வெள்ளி என்பதை எவரும் படித்தறியும்படி எழுதி வைத்தது. வட்டத்தின் எல்லையையும் மறைக்கவில்லை, நோட்டின் முகத்திலேயே அச்சிட்டது. கட்டாக் கடைக்காரர் சென்னை நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மின் ரூபாயின் எல்லையும், அதை வாங்குபவர் கண்ணுக்கு, அவர் படிக்கும் மொழியில், அதே போல் தெரிய வேண்டும்.